சைவ வீட்டுப் பாரசீகப் பூனை

போன மாதம் ஒரு சான்றின் நகலுக்காக, நான் கடைசியாக வேலை பார்த்த மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காலை ஒன்பதரை மணி. வாசலில் காத்திருந்த பதினொரு பேரில் ஏழு பேர் பூனைக் கூடையோடு வந்திருந்தார்கள். ஏழில் ஐந்து, நீள முடிப் பாரசீகப் பூனைகள். மாடு ஒன்றே ஒன்று. அது இடம் மாறி வந்துவிட்டதுபோல வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றது.

என் நாற்காலியில் இப்போது இருக்கும் கம்பவுண்டர் நல்ல பிள்ளை. காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க காலத்துல பெர்சியன் பூனை வந்துச்சா? எதப் பாத்து வாங்கணும், எப்படி வளக்கணும்னு ஆளுக்கு ஆள் கேக்காவ. ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்களேன், செவுத்துல ஒட்டிப் போடுதேன்."

ஒரு காகிதத்தில் அடங்கும் என்று நினைத்துத்தான் பழைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடங்கவில்லை.

1971இல் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தேன். முதல் பதினேழு வருடங்கள் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளோடு கழிந்தன. சினை ஊசி, கோமாரி ஊசி, கன்று இழுப்பது. அதைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. 1988இல் இந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலானேன். டவுணுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்தது என்பதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. இதில் வரும் தவறு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல. அன்றைய பதிவேட்டில் ஐந்து பத்திகள்: மாடு, ஆடு, நாய், கோழி, இதர. பூனை 'இதர'.

டாக்டர் ரெஜினா 1992 ஆனியில் எங்களிடம் வந்தார். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தவர். தகப்பனார் வள்ளம் வைத்திருந்தார். ஆள் குள்ளம். குரல் தாழ்ந்தது, கோபம் வந்தால் இன்னும் தாழும். மேசையில் மிருகத்தை ஏற்றும் முன்பு கை கழுவுவார், இறக்கிய பின்பும் கழுவுவார், இடையில் பேனாவைத் தொட்டுவிட்டால் மறுபடியும் கழுவுவார். பூனை வந்தால் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கூடையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அது தானாக வெளியே வரும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வெளியே முப்பது மாடு நிற்கும். நேரமாகிறது என்று நான் வாசலில் நின்று செருமினால், இழுத்து வெளியே போட்ட பூனை ஒரு வாரத்துக்கு வாயைத் திறந்து காட்டாது என்று சுவரைப் பார்த்தே பதில் சொல்வார்.

பாரசீகப் பூனையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான் அறிந்ததெல்லாம் ஒரே ஒரு பேச்சிலிருந்துதான். ரத வீதியில் அல்வாக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் 1993 சித்திரையில் மூன்று போட்டோக்களோடு வந்தார். பம்பாயில் விற்பவன் அனுப்பியவை. மூன்றில் எதை வாங்கலாம் என்று கேட்டார். மூக்கு மிகவும் உள்ளே போய், முகம் தட்டையாக இருந்ததைத் தனியே எடுத்து மேலே வைத்திருந்தார்.

"போட்டோவுல மூச்சு கேக்காது அண்ணாச்சி" என்று டாக்டர் மூன்றையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குட்டியை மட்டுமல்ல, தாயையும். இரண்டு மாதமாவது தாயிடம் இருந்திருக்க வேண்டும். மூக்குத் துவாரம் கீறல்போல ஒடுங்கியிருந்தால், எட்ட நின்றாலே மூச்சுச் சத்தம் கேட்டால், வேண்டாம். தட்டை முகத்தை அழகு என்பார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த மூக்கை வைத்துக்கொண்டு அது எப்படி மூச்சு விடும்? கண்ணோரம் தண்ணீர் வடிந்த கறை இருக்கிறதா, காதுக்குள் கறுப்பு அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோரும் முடியைப் பார்க்கிறார்கள். முடியை விலக்கி அடியில் தோலைப் பார்க்க வேண்டும். கடைசியாக, தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து அதைச் சீவிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"கடையில பதினாறு பேரு இருக்காவ, தாயி."

"பதினாறு பேரு வேண்டாம். ஒரே ஆளு வேணும்."

அண்ணாச்சி யோசித்துக்கொண்டே போனார். அடுத்த மாதம் ஒரு பொமரேனியன் நாயோடு வந்தார்.

அந்த ஒரே ஆள் இருந்த வீடு சங்கரலிங்கம் சாருடையது. அவர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் எடுத்து ஓய்வு பெற்றவர். என் அண்ணனுக்கு வாத்தியார். குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றை ஒட்டிய தெருவில் வீடு. மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத சைவக் குடும்பம். பம்பாயில் இருந்த மகள், கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, 1993 ஐப்பசியில், தான் வளர்த்த பாரசீகப் பூனையைப் பெற்றோரிடம் விட்டுப் போனாள். சந்தன நிறம், செம்பு நிறக் கண், பெயர் முத்து.

1994 தை மாதம், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை, சார் அதை முதல்முறையாகக் கொண்டுவந்தார். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் முடி சிக்குப் பிடித்து உருண்டையாகியிருந்தது.

எங்கள் நடைமுறை இது: வருபவரிடம் நான் விவரம் கேட்டு ஒரு சீட்டில் எழுதுவேன். சொந்தக்காரர் பெயர், மிருகம், வயது, உணவு, என்ன கோளாறு. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு மிருகத்தைப் பார்ப்பார். உணவு என்ற இடத்துக்கு வந்ததும், என்ன கொடுக்கிறீர்கள் சார் என்று கேட்டேன்.

"வீட்ல நாங்க சாப்பிடுததுதான்வே" என்றார்.

அந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மேலே கேட்கவில்லை. சங்கரலிங்கம் சாரைப் பார்த்து மீன் உண்டா, கறி உண்டா என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவரை அவமதித்ததுபோல் ஆகும் என்று பட்டது. 'சாதாரண உணவு' என்று எழுதினேன். இரண்டு சொற்கள். மை உலர்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டம். டாக்டர் சீட்டைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். சிக்கை வெட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தோலுக்கும் சிக்குக்கும் நடுவே ஒரு சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே கத்தரியை வைத்து வெட்டினார். கத்தரி தோலைத் தொட வழியே இல்லை. சீவும்போது முடியின் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேர்ப்பக்கம் வர வேண்டும், முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருங்கிய பல். கண்ணை ஆறிய வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கோடையில் ஜன்னலில் ஈரச் சாக்கு கட்ட வேண்டும். முடியை மொட்டையடிக்கக் கூடாது. சார் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்து அவர் வந்தது ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாலஞ்சு நாளா கதவுல முட்டுதுவே. கட்டில்ல ஏறணும்னு தாவுனா, கட்டில் இருக்க எடத்துக்கு ஒரு சாண் தள்ளித் தாவுது. கீழ விழுந்துட்டு அங்கனயே உக்காந்துக்கிடுது."

கட்டில் அவர் மனைவி கோமதியம்மாளுடையது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகியிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். வலது கையும் காலும் வராது. பேச்சு பாதிதான் தெளியும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, இடது கையால் முத்துவைச் சீவுவதுதான் அவர் ஒரு நாளில் செய்ய முடிந்த ஒரே வேலை. பூனை இருக்கும்வரை எழுந்து உட்காரவாவது செய்கிறாள் என்று சார் சொன்னார். அதற்கு அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

டாக்டர் அன்று அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். ஒரு பஞ்சுருண்டையை முத்துவின் முகத்துக்கு முன்னால் மேலிருந்து விழவிட்டார். பஞ்சு விழுந்தால் சத்தம் கேட்காது; கண் தெரிந்த பூனை அதைப் பார்க்கும். முத்து பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தது. மருந்து அறையின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, தன் சொந்தக் கருவியால் கண்ணுக்குள் பார்த்தார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்து கை கழுவினார். துடைத்துக்கொண்டே கேட்டார்: "சார், இதுக்கு என்ன சாப்பாடு?"

"காலைல இட்லி, பால்ல பெசஞ்சு. மத்தியானம் தயிர்ச்சோறு, நெய் விட்டு. ராத்திரி பாலு. ஒண்ணுலயும் கொறை வைக்கலம்மா."

டாக்டர் தை மாதத்துச் சீட்டை எடுக்கச் சொன்னார். படித்தார். சாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"கம்பவுண்டர், இது உங்க எழுத்துதான?"

"ஆமாம்மா."

"சாதாரணம்னா, யாருக்குச் சாதாரணம்?"

அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. இருபத்து மூன்று வருட வேலையில் என்னைத் திட்டிய அதிகாரிகள் பலர். அவர்கள் திட்டியது எதுவும் எனக்கு நினைவில்லை.

அன்று அவர் விளக்கியதை இன்றைய பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தானாகப் போதிய அளவு செய்துகொள்ளாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் அது வர வேண்டும். பாலில் இருப்பது போதாது. சைவ வீடுகளில் தெருப் பூனைகள் பால்சோறு தின்று கொழுத்துத் திரிவதைத் தலைமுறையாகப் பார்க்கிறோம், அதனால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. அவை எலியும் பல்லியும் பிடிப்பது நம் கணக்கில் வருவதில்லை. முத்து கதவுக்கு உள்ளேயே இருந்தது. பத்து மாதம் அது தயிர்ச்சோறு மட்டுமே தின்றது. தை மாதம் நான் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் கண் தப்பியிருக்கும்.

சாரை உள்ளே அழைத்து டாக்டர் மறைக்காமல் சொன்னார். பார்வை திரும்பாது. இதயம் பெருத்து, பலம் குறைந்திருக்கிறது. இப்போதே மீன் கொடுத்தால் அது தேறலாம், கொடுக்காவிட்டால் மார்கழியைத் தாண்டாது. மாத்திரையாக வெளிநாட்டில் கிடைக்கும், சென்னைக்கு எழுதிக் கேட்கிறேன், ஆனால் நம்பிக் காத்திருக்க முடியாது. முதல் தடவை வந்தபோது நாங்கள் சரியாகக் கேட்கவில்லை, தப்பு எங்களுடையது என்றும் சொன்னார். நான் மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சார் முத்துவைத் தூக்கிக் கூடையில் வைத்தார். பிறகு, "பாலு எத்தன லிட்டர் வேணும்னாலும் குடுக்கேம்மா" என்றார்.

"பாலு போதாது சார். இது பூனை."

வீட்டுக்குள் மீன் வர வேண்டாம் என்று, தினமும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து ஊட்டிப் போவதாக ஏற்பாடு. மூன்று நாள் நடந்தது. கண் தெரியாத பூனை, ரிக்ஷாவின் ஆட்டத்திலும் ரோட்டின் இரைச்சலிலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டர், இந்தப் பயணமே அதைக் கொன்றுவிடும், இனிக் கொண்டுவராதீர்கள் என்றார்.

"அப்பம் வீட்டுக்குத்தான் வரணும்" என்றார் சார். "அவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"நான் சொல்லுதேன்" என்றார் டாக்டர்.

அந்தச் சனிக்கிழமை மாலை டாக்டரும் நானும் போனோம். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். கோமதியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார்; மெலிந்த உடம்பு, விழித்த கண். நாற்காலி போட்டும் டாக்டர் தரையில் உட்கார்ந்தார், முகத்துக்கு நேராகப் பேசுவதற்காக. கண்ணைப் பற்றிச் சொன்னார், இதயத்தைப் பற்றிச் சொன்னார், சீட்டைப் பற்றியும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. இனி மீன்தான் மருந்து என்றார்; அது வீட்டுக்கு வரலாமா என்று கேட்காமலே நிறுத்திக்கொண்டார்.

முத்து கட்டிலில் அவர் விலாவை ஒட்டிப் படுத்திருந்தது. கோமதியம்மாள் அதன் நெற்றியில் கையை வைத்திருந்தார். சொற்கள் ஒவ்வொன்றாக, பாதி குழறி வந்தன.

"கண்ணு... எங்களாலதான் போச்சு?"

"எங்களாலயும்தாம்மா."

கோமதியம்மாள் முத்துவின் நெற்றியைத் தடவினார். "வரட்டும். பொறவாசல்ல வச்சுக் குடுக்கட்டும்" என்றார். பிறகு கணவரைப் பார்த்தார். "ஆனா இவுக கை அதத் தொடப்படாது. இவுக கையாலதான் நான் சாப்பிடுதேன்."

மூன்று வேளையும் அவருக்குச் சோறு ஊட்டுவது சார்தான். வேறு ஆள் கிடையாது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கும் முன்பே, நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளிலிருந்து போனேன். என் மனைவி விடியற்காலையில் உப்பில்லாமல் நாலு சாளை மீனை அவிப்பாள். அந்தச் சத்து தண்ணீரில் இறங்கிவிடும், அவித்த தண்ணீரைக் கொட்டக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதோடு தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு, ஆறே முக்காலுக்குப் பின்சந்து வழியாகப் புறவாசலுக்குப் போவேன். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து முள்ளை எடுத்து, சதையை மசித்து, தண்ணீரில் குழைத்து வைப்பேன். முத்து சுவரோரமாக, மீசையால் தடவிக்கொண்டே வரும். தின்று முடித்ததும் அதன் வாயையும் முன்னங்கால்களையும் ஈரத் துணியால் துடைத்து, இடத்தை மூன்று வாளித் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், கழுவி முடித்த பிறகு, சாரிடம் சொன்னேன். அந்தச் சீட்டில் எழுதியது நான்தான், கேட்கக் கூசிக் கேட்காமல் விட்டேன் என்றேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"கேட்டிருந்தா நான் உம்ம மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்வே" என்றார். "ஆனாலும் நீரு கேட்டிருக்கணும்."

இரண்டும் உண்மை. அன்றிலிருந்து எந்தச் சீட்டிலும் நான் 'சாதாரணம்' என்று எழுதியதில்லை. எந்த வீடானாலும், நேற்றுக் காலை என்ன கொடுத்தீர்கள், மத்தியானம் என்ன, ராத்திரி என்ன என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டு எழுதினேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுவரில் ஒட்டுவதானால் இதை முதல் வரியாக ஒட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் வீட்டுக்கே போய் முத்துவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். துடிப்பு கொஞ்சம் சீரடைந்திருந்தது. ஆனால் கரையேறவில்லை, இப்போது நிறுத்தினால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும், ஒரு நாளும் விடக் கூடாது என்றார். அடுத்த வாரமே எனக்கு உத்தரவு வந்தது: பாபநாசம் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களில் கோமாரி தடுப்பூசி முகாம், திங்கள் முதல் வெள்ளி வரை, அங்கேயே தங்க வேண்டும். டாக்டருக்கும் அதே முகாம். என் மனைவி வேலைக்குப் போகும் வழியில் தூக்குச்சட்டியைப் புறவாசல் படியில் வைத்துவிடுவாள், சார் தொடாமல் அப்படியே தட்டில் சரித்துவிட வேண்டியது என்று பேசிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை, ஒரு மாட்டுக்கு ஊசியை ஏற்றியபோதுதான் நினைவு வந்தது. முள்ளை எடுப்பது நான். அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அவித்த மீனை முழுசாகத்தான் வைத்திருப்பாள். கண் தெரியாத பூனை முள் சிக்கிச் சாகும், அல்லது தின்னாமல் கிடந்து சாகும். தந்தி கொடுப்பதென்றாலும் அம்பாசமுத்திரம் போக வேண்டும். டாக்டரிடம் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "பாப்போம்" என்றார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு நேரே பின்சந்துக்கு நடந்தேன். புறவாசல் திறந்திருந்தது.

கோமதியம்மாளின் கட்டில் உள்ளிருந்து இழுக்கப்பட்டுப் புறவாசல் நிலைக்கு நேராகக் கிடந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றடிக் கல்லில் சார் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்தார். இடது கையால் மட்டும் ஒரு சாளை மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாழையிலைத் துண்டில், எடுத்த முட்கள் நீளவாரியாக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"பெருவெரல வச்சு அமுக்காதீங்க" என்றது கட்டிலிலிருந்து குழறிய குரல். "நகத்தால... பைய உருவுங்க. எடக்கைக்கு அவசரம் ஆவாது. எனக்கும் ஆறு மாசம் ஆச்சு."

"இதுல எத்தன முள்ளு இருக்கும் கோமதி?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன தின்னா பாத்தேன்?"

முத்து சாரின் முழங்காலில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக் காத்திருந்தது. மூச்சு அமைதியாக இருந்தது. நான் பையை இறக்கி வைத்துவிட்டு, குடுங்க சார், நான் வந்துவிட்டேன் என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அங்கன உக்காரும்வே. இன்னும் ரெண்டு முள்ளு இருக்கு."

முத்து அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தது. மீனை நான் படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.